கால்வாய்க் கரையில் இறங்கும் இடங்கள்

ஒரே வாரத்தில் ஐந்து நாடுகளைச் சுற்றிவிட்டு, பெட்டி நிறைய சாமானும் உடல் நிறைய அலுப்புமாகத் திரும்புவதே இன்று பலருக்கு விடுமுறையாகிவிட்டது. பிரான்சின் தெற்கே, மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் படகை ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் ஒரு நீர்வழி இருக்கிறது. கரையில் சைக்கிளில் போகிறவர் படகை முந்திக்கொண்டு போய்விடுவார்.

அதுதான் மிடி கால்வாய். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோர உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் நீளம். உப்பு வரி வசூலித்து வந்த பியர் போல் ரிக்கே என்பவர், சொந்தப் பணத்தையும் கொட்டி 1666இல் தொடங்கிய வேலை இது. 1681இல் கால்வாய் திறக்கப்பட்டது. அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. சில மாதங்களுக்கு முன், 1680இல் காலமாகிவிட்டார்.

அந்தக் காலத்தில் குதிரைகள் இழுத்துச் செல்லும் தபால் படகில் பயணிகளும் போனார்கள். துலூசிலிருந்து கடலோரத்து அக்ட் நகரம் போய்ச்சேர நான்கு நாள். மதியச் சாப்பாட்டுக்கு ஓர் ஊர், இரவு படுக்க ஓர் ஊர் என்று இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன் 1787இல் இவ்வழியே வந்தார். தம் குதிரை வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்டியையே படகில் ஏற்றிக்கொண்டார். வழியில் பெரும்பகுதியைக் கரையோரம் நடந்தே கடந்தார்; அலுத்தபோது வண்டியில் ஏறி அமர்ந்துகொண்டார்.

இன்றைய உல்லாசப் படகுகள் இளைப்பாறும் இடங்களில் பல, அன்றைய படகுகள் நின்ற இடங்களே. லெ சோமாய் என்ற சிற்றூரைப் பாருங்கள். வளைந்த கற்பாலம், அதையொட்டிச் சிறு வழிபாட்டுக் கூடம், பழைய சத்திரம், பனிக்கட்டி சேமித்து வைத்த கல் கட்டடம். எல்லாம் இரவு தங்கிய பயணிகளுக்காக எழுந்தவை. படகு நின்றதால் ஊர் வந்தது.

இதற்கு நேர்மாறு கார்க்கசோன். கால்வாய்ச் செலவில் பங்கு தர அந்நகரத்தார் மறுத்தார்கள். கால்வாய் ஊரைத் தொடாமல் விலகிப் போயிற்று. வணிகமும் கூடவே போயிற்று. பிறகு பணம் செலவழித்து, 1810இல்தான் அதை ஊருக்குள் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. சிக்கனம் சில வேளை இப்படியும் செலவு வைக்கும்!

19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது, பயணிகள் போனார்கள். அடுத்த நூற்றாண்டில் சரக்குப் படகுகளும் ஓய்ந்தன. இன்று கால்வாயில் போவோர் பெரும்பாலும் விடுமுறைக்காரர்களே. வாடகைப் படகுக்கு உரிமம் வேண்டாம். சிறிது நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நினைத்தபடி ஓட முடியாது. மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள், மதிய உணவு வேளையிலும் மாலையிலும் மூடப்படும். கதவு மூடினால் நின்றுதான் ஆகவேண்டும். அந்தக் கட்டாய நிறுத்தத்தில்தான் ஊர்க்காரரின் ரொட்டியும் திராட்சை மதுவும் விற்பனையாகின்றன. காஸ்டெல்நோடாரியில் நின்றால், வெள்ளை மொச்சையை வாத்து இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவைத்த ‘கசுலே’ கிடைக்கும். அவசரக்காரருக்கு ஏற்ற உணவல்ல அது.

இந்த நிறுத்தங்களின் அழகே நிழல்தான். கரை நெடுக ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நின்றன. அவற்றின் வேர்களே கரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. 2006இல் அங்கே ஒரு பூஞ்சண நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையோடு இந்நோய் பிரான்சுக்குள் வந்ததாகக் கருதப்படுகிறது. இதற்கு மருந்தில்லை. பாதிக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டுவிட்டன. பட்டையில் சிறு காயம் போதும், நோய் உள்ளே நுழைந்துவிடும். தண்ணீரிலும் பரவும். படகு வேரில் உரசினாலும், கயிறு கட்டிய இடத்தில் பட்டை தேய்ந்தாலும் ஆபத்துதான்.

ஆகவே மரத்தில் படகு கட்டத் தடை இருக்கிறது. ஒவ்வொரு படகிலும் இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் இருக்கும். இறங்குகிறவர் கரையில் முளை அடித்துத்தான் கயிற்றைக் கட்டவேண்டும். வெட்டிய இடங்களில் வேறு இன மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். அவை நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை லெ சோமாய் போன்ற ஊர்களுக்கு, எஞ்சிய மரங்களின் நிழலில் வந்து நிற்கும் படகுகளே வாழ்வாதாரம்.