கூலிக்குப் பட்டா இல்லை



பாலாறு கெட்ட கதையில் எல்லோரும் குரோமியத்தைச் சொல்வார்கள். நான் உப்பிலிருந்து தொடங்குகிறேன். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. அங்கே முதல் வேலையே அதைக் கழுவுவது. ஆவாரம்பட்டை வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமியம் ஒரே நாளில் முடித்துவிடும்; ஆனால் அதைக் கழிவிலிருந்து பிரித்தெடுக்கவும் முடியும். உப்பு லேசில் பிரியாது. கிணற்றில் இறங்கினால் தலைமுறைக்கும் நிற்கும்.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நம் காலனிக் கிணற்றை யாரும் தடுக்கவில்லை. தண்ணீரே தடுத்துவிட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ் என்று அதிலேயே இருக்கிறது. பிறகு வந்த இழப்பீட்டு ஆணையம் 29,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்தது. நல்லது. ஆனால் அது நிலத்தின் கணக்கு. அந்த நிலத்தில் நாற்று நட்டவள், களை பறித்தவள், வரப்பு வெட்டியவன் எங்கே? நெல் போனதும் கூலி போனது. கூலிக்கு ஏது பட்டா? அவள் எங்கே போனாள் தெரியுமா? அதே டேனரிக்கு, தோல் கழுவ. தோலைத் தொட்டால் தீட்டு என்ற ஊர்தான், அந்தத் தோலில் தைத்த ஷூவை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறோம் என்று பெருமை பேசுகிறது.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் விட்டுவந்த இடத்துக்கு வேறொரு ஏழை வருகிறான்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியிருக்கிறது: நிலுவை இழப்பீட்டைக் கொடுங்கள், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று. அந்தக் குழுவின் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறோம். காலனி காலனியாகப் போவோம். பெயர், வயது, யார் நிலத்தில் என்ன வேலை, எந்த வருஷம் அந்த வேலை நின்றது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.