இரு மொழி பிள்ளைக்குச் சுமையா?



பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுமாறு பலர் அறிவுரை கூறுகின்றனர். பேச்சுச் சிகிச்சைத் துறையில் இருக்கும் நான் அதை ஏற்பதில்லை.

கனடாவில் 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மொழிக் குறைபாடுள்ள 7 வயதுப் பிள்ளைகளுள் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசியோர், ஒரு மொழி மட்டும் பேசியோரைவிட இலக்கணத்தில் பின்தங்கவில்லை. 2005இல், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடமும் இரு மொழியால் பாதிப்பு காணப்படவில்லை.

உண்மையான குறைபாடு இரு மொழிகளிலும் தெரியும். தமிழை நிறுத்தினால் அது தீராது; பாட்டியுடன் பேசும் பேச்சுதான் நின்றுபோகும்.

ஆகவே, 2 வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையைச் செவிப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் தமிழ் தொடரட்டும்.