தெருவும் பாத்தியமும்



தெரு யாதென்று நமக்கு விளக்கவும் வேண்டுமோ என்பீர்கள். பத்திரம் எழுதும் நாளில் வேண்டியதாகின்றது.

1920-ஆம் வருஷத்துச் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம், பொதுஜனங்களுக்கு வழிநடைப் பாத்தியமுள்ள வீதி, சந்து, நடைவழி யாவற்றையும், முட்டுச் சந்தாயினும், பொதுத் தெரு என்றது. அதனைச் சார்ந்த சாக்கடையும், இருபுறத்து மனைகளின் எல்லைவரையுள்ள நிலமும் அதிலடங்கும். அந்நிலத்தில் நாம் தாழ்வாரம் இறக்கிக்கொண்டாலும் அடங்கும்! ஏனையவை தனித்தெரு. ஒருவர் தம் வீட்டிற்குச் செல்லத் தம் நிலத்திற் போட்டுக்கொண்ட வழி தனித்தெருவுமாகாது. 2023-இல் வேறு சட்டம் அமலுக்கு வந்தது; பழைய பத்திரங்களோ நம் பெட்டிகளில் இருக்கின்றன.

இங்ஙனம் தெருவைப் பொதுவாக்குவது அகலமன்று, ஜனங்களின் பாத்தியமே. அந்த ஜனங்கள் யாவர்? 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்து, எவ்வகுப்பினரும் பொதுத் தெருக்களில் நடக்கத் தடையில்லையெனச் சொல்விக்க வேண்டியிருந்தது. ஜாதிச் சங்க மேடையில் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. 1950-இல் அரசியலமைப்பின் 15-ஆம் ஷரத்து சாலைகளையும் பெயர்சொல்லிக் காத்தது.

இனிப் பத்திரம். செக்குபந்தியில் ‘தெருவுக்கு மேற்கு’ என்றெழுதி நிறுத்துவர் நம்மவர். அது முனிசிபல் தெருவா, விற்றவர் தம் மனையில் விட்ட சந்தா, அகலம் எத்தனை அடி என்பவற்றைக் குறிப்பதில்லை. அவர் பிள்ளைகள் பின்னாளில் அங்கே கதவு வைத்தால், வாங்கியவர் கோர்ட்டுக்கன்றோ நடக்கவேண்டும்! ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டு, வண்டி செல்லவும் வழி கேட்டால் வழக்கே மிஞ்சும். ‘வண்டி, வாகனம், ஆட்கள் செல்ல’ என்ற சொற்களைக் கிரயத்திற்கு முன்னரே கேட்டு எழுதுவித்துக் கொள்ளுங்கள்.