வெயிற்காலத்து விடுதி அறை



வெளியூருக்குப் போனால் விடுதியில் அறை எடுத்துத் தங்குவது இன்று நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம், வழக்குக்கும் வைத்தியத்துக்கும் போகிறோம். அறையைப் பார்க்கும்போது குழாயில் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, வாடகை என்ன என்று விசாரிக்கிறோம். இந்த அறையில் இரவு உறங்க முடியுமா என்று மட்டும் கேட்பதில்லை. வேலூரில் ஒரு சித்திரைக் கடைசியில் தங்கிய மூன்று இரவுகள் எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக் கொடுத்தன.

என் தந்தையாருக்கு வயது எழுபத்தெட்டு. கண்ணில் புரை முற்றியிருந்தது. சஸ்திர சிகிச்சைக்காக வேலூருக்கு அழைத்துச் சென்றேன். அக்கினி நட்சத்திரம் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். நீரில்லாத ஆறும் மரமில்லாத மலையும் கொண்ட ஊர் என்று வேலூரை வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த நாட்களில் அது வேடிக்கையாகப் படாது. பகலில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். சுற்றிலும் மொட்டைப் பாறை. ஊரில் விடுதிகளுக்குக் குறைவில்லை என்றாலும், வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும்கூட வந்தவர்கள் அவற்றை நிறைத்திருந்தார்கள். அலைந்து திரிந்து ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்கு நோக்கிய ஜன்னலோடு ஓர் அறை கிடைத்தது. வாடகையும் குறைவு. ஏன் குறைவு என்று நான் யோசிக்கவில்லை.

காற்று வரட்டும் என்று பகல் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டேன். இரவு பதினொரு மணிக்குக் குடிநீர் வாங்கக் கீழே இறங்கினால், தெருவில் இதமான காற்று வீசிக்கொண்டிருந்தது. மேலே வந்தால் செங்கற் சூளைக்குள் நுழைந்தது போல இருந்தது. தந்தையார் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தலையில் ஈரத் துண்டைப் போட்டபடி, "விடிந்துவிட்டதா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் கண்ணயர்ந்தபோது மணி நான்கு.

மறுநாள் காலையில் மருத்துவர் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. "இராத்திரி தூங்கினாரா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "இந்த அழுத்தத்தில் கத்தி வைக்க முடியாது. மாத்திரை தருகிறேன். இன்றிரவு நன்றாகத் தூங்கட்டும், நாளைக் காலையில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்றார். மாத்திரையைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். உறக்கத்தை யார் எழுதிக் கொடுப்பது? மறுநாளும் தவறினால், அடுத்த முறை வரவேண்டியதுதான். தந்தையார் எனக்கு ஆறுதல் சொல்லுகிறவர் போல, "ஒரு கண்ணே போதுமடா" என்றார்.

விடுதிக்குத் திரும்பியபோது பிற்பகல் இரண்டு மணி. அறைகளைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் தண்ணீர்க் கூஜாவோடு வந்தார். திறந்திருந்த மேற்கு ஜன்னலைப் பார்த்தார். "சார், அடுப்பைத் திறந்து வச்சிட்டு வீடு சூடாயிருக்குதேன்னா எப்படி?" என்றார். அன்று மாலைக்குள் அவர் எனக்கு நடத்திய பாடத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன். காரணங்களை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காரியத்தைத் தெரிந்தவர் அவர்.

முதற்காரியமாக ஜன்னற் கதவுகளைச் சாத்தினார். பழைய ஜமுக்காளம் ஒன்றைக் கொண்டு வந்து, ஜன்னற் கம்பிகளுக்கு வெளிப்புறமாகத் தொங்கவிட்டுக் கட்டினார். உள்ளேதான் திரை இருக்கிறதே என்றேன். "உள்ள வந்த வெயிலை அப்புறம் மறைச்சு என்ன பண்றது?" என்றார். அது நியாயமான பேச்சு. கண்ணாடி வழியே நுழைந்த வெயில் திரைச்சீலையைச் சுடவைத்து, அந்தச் சூட்டை அறையிலேயே விட்டுவிடுகிறது. வெளியே தடுக்கப்பட்ட வெயிலின் சூடோ வெளியிலேயே போய்விடுகிறது. அந்தக் காலத்து வீடுகளில் தாழ்வாரமும் மூங்கில் தட்டியும் இருந்தது இதற்காகத்தான்.

வெளிக்காற்று அறையை விடச் சூடாக இருக்கும்வரை ஜன்னலைத் திறப்பது சூட்டை விருந்துக்கு அழைப்பதாகும். காற்று வந்தால் குளிரும் என்பது நமக்கு ஊறிப்போன நம்பிக்கை. அது இரவுக்குப் பொருந்தும். சித்திரை மாதத்துப் பகலுக்குப் பொருந்தாது.

ஆனாலும் என் தந்தையாரை உறங்கவிடாமற் செய்தது காற்று அன்று. தலைக்கு மேலிருந்த தளம். பகலெல்லாம் வெயிலில் காயும் கான்கிரீட் தளம் சூட்டைப் பஞ்சு நீரைக் குடிப்பது போலக் குடிக்கிறது. அந்தச் சூடு தளத்தின் மேற்புறத்திலிருந்து அடிப்புறத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். வெளியே வெயில் தாழ்ந்து காற்றுக் குளிரத் தொடங்கும் வேளையில்தான், உள்ளே கூரை நம்மேல் தன் சூட்டைக் கொட்டத் தொடங்குகிறது. தோசைக் கல்லுக்குக் கீழே படுத்திருப்பது போன்ற நிலை! மின்விசிறி என்ன செய்யும்? கூரையடியில் தேங்கி நிற்கும் வெப்பக் காற்றை வாரி நம்மேல் இறைக்கும்.

சென்னையில் பழைய வீடுகளுக்குப் போட்ட மெட்ராஸ் டெரஸை நேயர்களில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்திட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். அது கனமான தளம், உயரமும் அதிகம். நாம் இன்று கட்டும் மெல்லிய தளங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மாலை ஆறு மணிக்கு முதியவர் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். துணி அலசிய நீரைப் பெரிய தொட்டி ஒன்றில் சேர்த்து வைத்திருந்தார். வேலூரில் நல்ல நீரைத் தரையில் ஊற்ற யாருக்கும் மனம் வராது. இருவரும் வாளி வாளியாக எடுத்து, எங்கள் அறைக்கு மேலிருந்த தளத்தில் ஊற்றினோம். முதல் வாளி நீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து போயிற்று. அரை மணி கழித்து மறுபடியும் ஊற்றினோம். பிறகு மூன்றாம் முறை.

இதிலுள்ள சூட்சுமம் நீரின் குளிர்ச்சி அன்று, நீர் ஆவியாவது. ஒரு லிட்டர் நீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கச் செய்ய எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பத்தை அந்த ஒரு லிட்டர் நீர் ஆவியாய்ப் போகும்போது கொண்டு போகிறது. பத்து வாளி நீர் எவ்வளவு சூட்டைத் தூக்கிச் சென்றிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எட்டு மணிக்கு மேல் வெளிக்காற்றுக் குளிர்ந்ததும் ஜன்னலைத் திறந்தார். எங்கிருந்தோ ஒரு மேஜை விசிறியைக் கொண்டு வந்து, ஜன்னல் ஓரத்தில், அதன் முகத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவுக்கு விசிறுகிறீர்களா என்று கேட்டேன். அவர் அறைக் கதவைத் திறந்து, அங்கே என்னை நிற்கச் சொன்னார். மாடிப்படிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று என் காலடியில் ஓடி வந்தது. உள்ளேயிருந்த வெப்பக் காற்றை விசிறி வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று வேறு வழியாக வந்துதானே ஆகவேண்டும்? அரை மணி நேரத்தில் அறை மாறிவிட்டது. பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு விசிறியை உட்புறம் திருப்பினோம். ஜமுக்காளத்தை அவிழ்த்துவிட்டு, நனைத்துப் பிழிந்த வேட்டி ஒன்றை ஜன்னலில் தொங்கவிட்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். ஈர வேட்டி வேலூரில் பலிக்கும், மதுரையில் பலிக்கும், சென்னையில் பலிக்காது. நான் பின்னொரு சமயம் திருவல்லிக்கேணியில் தங்கியபோது இந்த வித்தையைக் காட்டி, அறையை இட்லிப் பானை ஆக்கிக்கொண்டேன். கடற்கரை ஊர்களில் காற்று முன்னமே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. அது இன்னும் நீரை ஏற்காது. அப்படிப்பட்ட ஊர்களில் கிழக்கே ஜன்னல் உள்ள அறையைக் கேட்டு வாங்குவதே புத்தி. கடற்காற்று அங்கேதான் வரும்.

படுக்கையையும் முதியவர் விடவில்லை. புறங்கையால் நான்கு சுவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேற்குச் சுவர் ஒன்பது மணிக்கும் காய்ச்சற்காரன் நெற்றி போலச் சுட்டது. கட்டில் அதை ஒட்டித்தான் கிடந்தது! அதைக் கிழக்குச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டோம். ரெக்ஸின் உறையிட்ட மெத்தையின் மேல் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் பருத்தி வேட்டியைப் போட்டோம். உறங்கும் மனிதன் 70, 80 வாட் விளக்கு எரிவது போல இரவு முழுவதும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறான். முதுகுப் பக்கத்தை ரெக்ஸின் அடைத்துக்கொண்டால் அந்த வெப்பம் எங்கே போகும்?

உறக்கம் வருவதற்கு முன் உடம்பின் உட்சூடு சிறிது இறங்கவேண்டும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கை கால்களின் தோலுக்கு இரத்தம் அதிகமாகப் பாய்ந்து, அவற்றின் வழியே சூடு வெளியேறுகிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் இதற்கு உதவியாகும். சில்லென்ற நீர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் மாலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் கொட்டும். ஆகவே முதியவர் விடியற்காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்திருந்தார். இரவில் அது சரியான பதத்தில் இருந்தது.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் கடும் வெயில் அடித்தபோது, வழக்கத்துக்கு மேல் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பின்னர் ஆராய்ந்ததில், கூரைக்கு நேர் கீழே படுக்கையறை அமைந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது என்று தெரியவந்தது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மூன்றாம் மாடி அறைதான் நினைவுக்கு வந்தது.

குளிர்சாதனம் உள்ள அறையாக எடுத்திருக்கலாமே என்று சிலர் நினைப்பீர்கள். எடுத்திருக்கலாம், அன்று ஒன்றும் காலியில்லை. அந்த இயந்திரத்தின் கதை விநோதமானது. 1902-இல் வில்லிஸ் காரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அதை அமைத்தது மனிதர் உறங்குவதற்காக அன்று. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் சுருங்கி விரியாமல் இருப்பதற்காக! அதற்கும் முன்னால், கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். குளிர்சாதன அறையில் நாம் செய்யும் பிழை வேறு. உள்ளே நுழைந்தவுடன் 16 டிகிரியில் வைத்தால் விரைவில் குளிரும் என்று எண்ணிப் பொத்தானை அமுக்குகிறோம். நள்ளிரவில் நடுங்கிக் கம்பளி தேடுகிறோம். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறி பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதனோடு மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் பலருக்கு அதுவே போதும். பகலில் வெளியே போகும்போது திரையை இழுத்து மூடிவிட்டுப் போனால் இயந்திரத்துக்கு வேலை குறையும்.

வேலூருக்குத் திரும்புகிறேன். அன்றிரவு தந்தையார் பத்தரை மணிக்குப் படுத்தார். நான் விழித்திருந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்குள் குறட்டை எழுந்தது. அந்தக் குறட்டையை நான் அதற்கு முன் இவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை. காலை ஐந்தரை மணி வரை அவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பத்து மணிக்குச் சிகிச்சை முடிந்தது.

மூன்றாம் நாள் இரவு, தந்தையார் கண்ணில் கட்டோடு உறங்கிய பிறகு, முதியவருக்கு நன்றி சொல்லலாம் என்று தேடினேன். கீழே இல்லை, மாடிப்படியிலும் இல்லை. மொட்டை மாடியில், நாங்கள் மாலையில் நீர் ஊற்றிய இடத்தில், பாயை விரித்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். எத்தனை வருஷமாக இங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பதினாறு வருஷம் சார். கீழ ஒரு அறை குடுத்திருக்காங்க. அதுல ஜன்னல் கிடையாது" என்றார். பிறகு பாயின் ஒரு பக்கமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அன்றிரவு நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன்.