துணை விண்மீன் கவர்ந்த போர்வை
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்விப் பணியாற்றிவரும் இச்சங்கத்தின் விழாவில், வானத்துப் புதிர் ஒன்றையும் அதற்கு விடை கண்ட வகையையும் கூற விழைகின்றேன்.

சூரியனைவிட எட்டு மடங்கிற்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன்கள் பெரும்பாலும் அமைதியாக அணைவதில்லை. அவற்றின் உட்கருவில் ஹைட்ரஜன் ஹீலியமாகவும், ஹீலியம் கார்பனாகவும், இறுதியில் இரும்பாகவும் மாறுகின்றது. இரும்பை இணைத்து ஆற்றல் பெற இயலாது. எனவே உட்கரு ஒரு நொடிக்குள் சரிகின்றது. மேலடுக்குகள் வெடித்துச் சிதறுகின்றன. இதுவே சூப்பர்நோவா.

விண்மீனின் மேற்போர்வையில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன். ஆகவே வெடிப்பின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் தெரிதல் வேண்டும். ஆனால் சிலவற்றில் அவை இல்லை. அப்போர்வை எங்கே போயிற்று? விண்மீன் தன் கடுங்காற்றால் அதனை ஊதித் தள்ளியது என்பர் ஒரு சாரார். மிகப் பெரிய விண்மீன்களுக்கு அது பொருந்தும். மற்றவற்றிற்கு அக்காற்று போதாது.

1993 மார்ச் 28 அன்று, ஸ்பெயின் நாட்டு வானியல் ஆர்வலர் பிரான்சிஸ்கோ கார்சியா, சப்தரிஷி மண்டலத் திசையிலுள்ள எம் 81 என்னும் அண்டத்தில் புதிய சூப்பர்நோவா ஒன்றைக் கண்டார். அவ்வண்டம் ஒரு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. அவ்வெடிப்பு முதலில் ஹைட்ரஜனைக் காட்டிற்று. சில வாரங்களில் ஹீலியம் மேலோங்கிற்று. போர்வையில் மெல்லிய ஏடு மட்டுமே எஞ்சியிருந்தது என்பது விளங்கிற்று.

எஞ்சியதைக் கவர்ந்தது யார்? துணை விண்மீனே என அறிஞர் கருதினர். அடுத்தடுத்த இரு வயல்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் நீர் வரப்பளவு உயர்ந்தால் மற்றொன்றில் வழியும். இரட்டை விண்மீன்களுக்கிடையேயும் ஈர்ப்பு வரப்பு ஒன்று உண்டு. மூத்த விண்மீன் முதுமையில் பருக்கும்போது அதன் மேலடுக்கு அவ்வரப்பைக் கடந்து துணையின்மேல் பாய்கின்றது. ஒரு பகுதி வெளியிலும் சிதறுகின்றது.

கருத்து அழகியது; சான்று வேண்டுமன்றோ? வெடிப்பின் ஒளி மங்கும்வரை அறிஞர் காத்திருந்தனர். 2004-இல் அவ்விடத்தில் வெப்பமிக்க நீல விண்மீன் ஒன்றின் அடையாளம் கிடைத்தது. 2014-இல் ஹப்பிள் தொலைநோக்கியின் புறஊதாப் பதிவுகள் அதற்கு வலுவூட்டின.

இது அரிய நிகழ்ச்சியும் அன்று. பெரும் விண்மீன்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை துணையுடன் நிறையைப் பரிமாறிக்கொள்ளும் என 2012-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. போர்வை இழந்த ஹீலியம் விண்மீன்கள் 25, மெகல்லன் முகில்களில் இருப்பதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது.

எனினும் புதிர் முற்றிலும் தீரவில்லை. காசியோபியா மண்டலத்தில் சிதறிக் கிடக்கும் ஒரு வெடிப்பின் எதிரொளியை 2008-இல் பகுத்தபோது, அதுவும் 1993-இல் கண்ட வகையினதே எனத் தெரிந்தது. ஆயினும் அங்கே துணை விண்மீன் தேடியும் அகப்படவில்லை. வெடிப்புக்கு முன்பே அது இதனோடு கலந்துவிட்டதோ?

இளைஞர்களே! ஒரு கருத்துக்குச் சான்று காணப் பத்தாண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தனர் அறிஞர். புதிய விண்மீனை முதலில் கண்டவரோ வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். எஞ்சிய வினா உங்களுக்காகக் காத்திருக்கின்றது. கற்பீர், கேட்பீர், சான்று காண்பீர்.