பால் கொடுத்த தாய்மார்

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரெபெக்காளின் தாதியாகிய தெபொராளை ஆதியாகமம் 35ஆம் அதிகாரம் பெயர் சொல்லி நினைவுகூருகிறது. தான் பெறாத பிள்ளைக்குப் பால் கொடுத்தவளை வேதம் மறக்கவில்லை.

நமது நீலகிரித் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்கும் இது புதிதல்ல. தாய்க்குப் பால் சுரக்காவிட்டால், பிள்ளை பெற்றிருக்கும் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொள்வார். அந்த அன்பை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் ஒன்றரைக் கிலோகூட இல்லாத குறைமாதக் குழந்தையின் தாய், "ஐயா, அக்கா பாலைக் கொடுக்கலாமா?" என்று கேட்டால், உடனே "ஆகட்டும்" என்று நாங்கள் சொல்வதில்லை.

காரணம் உண்டு. எச்.ஐ.வி. கிருமி தாய்ப்பால் வழியாகவும் பரவக்கூடும். கொடுக்கிறவருக்கே தமக்கு அது இருப்பது தெரியாமலிருக்கலாம். அவர் சாப்பிடும் மருந்தும், போடும் புகையிலையும் பாலில் இறங்கும். சுத்தமில்லாத பாத்திரத்தில் பிழிந்து வைத்த பாலில் கிருமிகள் பெருகும். குறைமாதக் குழந்தைக்கு அவற்றை எதிர்க்கப் பெலன் குறைவு.

அப்படியானால் மாவுப்பால் போதுமா? மாவுப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு, தாய்ப்பால் குடிப்பவர்களைவிடக் கொடிய குடல்நோய் அதிகம் வருகிறது. ஆகவேதான் தாய்ப்பால் வங்கிகள் ஏற்பட்டன. 1909இல் வியன்னாவில் முதல் வங்கி தொடங்கியது. 1989இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் வங்கியைத் தொடங்கினார். 2014 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இவை திறக்கப்பட்டன. மலையிறங்கினால் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒன்று உண்டு.

அங்கே பால் கொடுக்கும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மேகநோய் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, கிருமி இல்லையென்று சோதித்து, உறைய வைக்கிறார்கள். தாய்ப்பாலை விற்பது கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் எச்சரித்தது. அது தானமாகவே கொடுக்கப்பட வேண்டியது.

உங்கள் சபையிலுள்ள இளம் தாய்மாருக்குச் சொல்லுங்கள்: முதலில் பெற்ற தாயின் பாலுக்கே பிரயாசப்பட வேண்டும். குளிர்ந்த நம் மலையிலே குழந்தையை வெறும் மார்போடு அணைத்துப் போர்த்திக்கொள்வது சூட்டையும் தரும், பாலையும் சுரக்கச் செய்யும். இரண்டு மூன்று மணிக்கொருதரம் பிழிந்து, சுத்தமான பாலாடையில் புகட்டலாம். பிறகும் போதாவிட்டால் மருத்துவரிடம் வங்கிப் பாலைக் கேளுங்கள்.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வேலை உண்டு. மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ஒருவேளைச் சோறு பொங்கிக் கொடுத்தால், தாய் குழந்தையோடு நிம்மதியாய் உட்காருவாள். தம் பாலையும் கொடுக்க மனமிருந்தால், பரிசோதித்துக்கொண்டு வங்கிக்குக் கொடுக்கட்டும். முகம் அறியாத பல குழந்தைகள் அதனால் பிழைக்கும்.

கர்த்தர் அவர்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.