லைக் விழுந்தால் உலை கொதிக்குமா?

(பாயான் பாருவில் வீட்டுத் தொழில் செய்யும் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அங்கே ஷிப்ட் முடிந்து வந்து முறுக்கு சுடுகிறோம், மாலை கட்டுகிறோம், துணி தைக்கிறோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, வீட்டிலிருந்தே விற்க முகநூலும் வாட்சாப்பும் பலருக்குக் கைகொடுத்தன. அதை மறுக்கவில்லை. ஆனால் இன்று ஒரு கேள்வி கேட்போம். அதில் போடும் பணமும் நேரமும் திரும்பி வருகிறதா?

"என் படத்துக்கு 300 லைக்" என்று பெருமைப்படுகிறோம். லைக்கைக் கொடுத்தால் கடைக்காரர் அரிசி தருவாரா?

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். தீபாவளிக்கு முறுக்கு விற்க முகநூலில் 100 வெள்ளிக்கு விளம்பரம். 2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு, ஆக 108 வெள்ளி. நாற்பது பேர் விலை கேட்டார்கள், 12 பேர் ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கினார்கள். பொட்டலம் 15 வெள்ளி. மாவு, எண்ணெய், கேஸ், செய்கூலி 8 வெள்ளி போக, மிச்சம் 7. பன்னிரண்டுக்கு 84 வெள்ளி. விளம்பரச் செலவே 108!

இன்னும் முடியவில்லை. படம் எடுத்து, பதில் எழுதி, ராத்திரியில் 6 மணி நேரம் போனது. அது யாருடைய உழைப்பு? 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது, மணிக்கு 8.72 வெள்ளி. ஆறு மணிக்கு 52 வெள்ளி. மொத்த நட்டம் 76 வெள்ளி. தொழிற்சாலையில் அரை மணி ஓ.டி. குறைந்தால் சண்டை போடுகிறோம். வீட்டில் அம்மாவின் உழைப்பை மட்டும் ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

அப்படியானால் விளம்பரமே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். அந்த 12 பேரில் 5 பேர், பிறகு விளம்பரம் இல்லாமலே மூன்று முறை வாங்கினால் 15 பொட்டலம், 105 வெள்ளி. நட்டம் போய் 29 வெள்ளி லாபம். திரும்பி வரும் வாடிக்கையாளர்தான் சொத்து. லைக் போட்டவரை எண்ணாதீர்கள், திரும்பி வந்தவரை எண்ணுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். ஆர்டர் வரும்போது "எங்கே பார்த்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முகநூலா, டிக்டாக்கா, வாட்சாப் குழுவா, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதா? தேதி, தொகை, செலவு, நேரம் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். காசு தராத இடத்தில் நேரத்தைக் கொட்டாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவே அதிகம் அனுப்பியிருந்தால், அவருக்கு ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுங்கள். காசுக்கு லைக் வாங்கித் தருகிறோம் என்பவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்த லைக் முறுக்கு வாங்காது.

இன்னொன்று. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழில் பெயரில் 60. தெக்குன் ஸ்பூமி கடன் கேட்டுப் போகும்போது இந்தப் பதிவும், உங்கள் நோட்டும் உங்களுக்காகப் பேசும். வெறுங்கையோடு நிற்பவனை எந்த முகப்பும் மதிப்பதில்லை.

நம் உரிமையை நாட்டிடம் கேட்கிறோம். நம் உழைப்பின் கணக்கை முதலில் நாமே கேட்போம். இன்றிரவே நோட்டைத் திறங்கள்.